நூற்கடைக்கு ஏற்ற கடன்

சிம்லா போன்ற மலையூர்களின் கடைவீதிகளில் கம்பளி நூல் விற்கும் சிறு கடைகள் உண்டு. லூதியானா ஆலைகளின் நூலுருண்டைகள் அங்கே நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்வெட்டர் பின்னத் தொடங்கும் ஒருவருக்குப் பத்து உருண்டைகள் தேவைப்படலாம். அனைத்தையும் ஒரே நாளில் வாங்கக் கையில் பணம் இராது. நிறம் ஒன்றேயாயினும், வேறொரு முறை சாயமேற்றிய நூல் சற்றே மாறுபடும். பின்னலில் அது கோடாகத் தெரியும். ஆகவே கடைக்காரர் அதே சாய எண்ணுள்ள மீதி உருண்டைகளை அவருக்கென எடுத்துவைக்கிறார். அந்த நம்பிக்கையில் அவருடைய முதலும் முடங்குகிறது.

குளிர்காலம் தொடங்குமுன்பே சரக்கை வாங்கி நிரப்ப வேண்டும், விற்பனையோ குளிரில்தான். இத்தகைய கடைக்கு மாதந்தோறும் ஒரே தொகையைத் திருப்பும் தவணைக்கடன் பொருந்தாது. எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி செலுத்தும் ரொக்கக் கடன் கணக்கே ஏற்றது என்பது என் கருத்து. 2015இல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின்கீழ் நடைமுறை மூலதனத்துக்கும் பிணையின்றிக் கடன் பெறலாம்.

ஆனால் கடைக்காரர் அன்றாட வரவைத் தம் கணக்கில் சேர்த்துவர வேண்டும். கல்லாப்பெட்டியிலேயே தங்கிவிடும் பணம் அவருடைய நாணயத்துக்குச் சான்று கூறாது. வங்கியும் ஜூலை மாதத்து வெறுமையைக் கண்டு தயங்காமல், ஜனவரி மாதத்து வரவையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வாடிக்கையாளருக்காக நூலை எடுத்துவைத்துக் காத்திருப்பவருக்கு, பருவம் வரும்வரை காத்திருக்கும் கடன் கிடைப்பதே முறை.