யார் குறித்துவைத்த திறமை?

வகுப்பில் பிள்ளைகளை அவரவர் திறமை பார்த்துக் குழு பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வாசிப்பவன், கணக்குப் போடுபவள், படம் வரைபவன், பேசுபவள் எல்லோரும் சேர்ந்தால் குழு வலுக்குமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தோழர்களே, இன்னாருக்கு இன்ன திறமை என்று தீர்மானிக்கிற கண் யாருடையது?

1953இல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவர் மகனுக்கு ஊசி, துணி வெளுப்பவர் மகனுக்குத் துறை. பிள்ளையின் திறமை பிறப்பிலேயே எழுதியாச்சு என்பதுதான் அதன் சாரம். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. திட்டம் போச்சு, பார்வை போச்சா?

இன்றும் குழுவுக்குத் தலைவன் ஒரு தெருக்காரன். பெஞ்சு நகர்த்த, தண்ணி தூக்க நம்ம புள்ளைங்க. "அவன் ஓடியாடி நல்லா வேலை செய்வானுங்க" என்பது பாராட்டு மாதிரியே இருக்கும். 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். சமையற்கட்டு வரை வருகிற சாதி வகுப்பறை வாசலில் நின்றுவிடுமா?

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு பனியன் கம்பெனிப் பெண்கள் வருகிறார்கள். பீஸ் ரேட்டை மனக்கணக்கிலேயே பைசா பிசகாமல் சொல்வார்கள். சலானை மட்டும் நீட்டி, "எழுதிக் குடுங்க சார்" என்பார்கள். கணக்கு இவர்கள் பலம் என்று எந்த வாத்தியார் குறித்துவைத்தார்?

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பின்தங்கியதைக் கைதூக்கிவிட இது உதவும். ஆனால் வருசம் பூரா ஒரு பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால், வகுப்புக்குள் ஒரு சேரி கட்டியாச்சு என்று பொருள்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தபோது மோதல் வெடித்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கலப்புக் குழுக்கள் அமைத்து, பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கறுப்புப் பிள்ளை வாய் திறந்தால்தான் வெள்ளைப் பிள்ளைக்குப் பாடம் முழுசாகும். யாருக்கு என்ன வரும் என்று முன்கூட்டி யாரும் தீர்ப்பெழுதவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள், திறமை வந்தது.

நாம் கேட்பதும் இதுதான். குழு கலந்திருக்கட்டும். மாதாமாதம் மாறட்டும். தலைமையும் துடைப்பமும் முறைவைத்து எல்லோர் கைக்கும் வரட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருடையது. அங்கே போய்க் கேட்போம்: "எம்புள்ள எந்தக் குழுவுலீங்க? அதுல அவனுக்கு என்ன வேலைங்க?"

மாலை வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்கள் யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை. கடைசியில் உட்கார்ந்திருக்கும், வாயே திறக்காத அந்தப் பெண் பிள்ளையிடம் பாடத்தின் முதல் பக்கத்தை நாளைக்கே கொடுங்கள்.