பாதி விடை

கண்டியில் தமிழ் கற்பிக்கும் ஓராசிரியன் நான். 2017இல் ஒருநாள் பக்திப் பாடலொன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டான். யாப்பையும் அணியையும் அரைமணி நேரம் விரித்துரைத்த எனக்கு அதற்கு விடை வரவில்லை. "பரீட்சைக்கு அது வராது" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவ்வாரத்தில்தான் என் தாயார் வைத்தியசாலையில் பதினொரு நாள் கிடந்து பிழைத்து வீடு வந்திருந்தார். மாலைதோறும் கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் நின்று அழுதவன் நான். நன்றி சொல்லவும் அங்கேதான் சென்றேன். ஆசிரியர் அறையில் நண்பர்கள் விசாரித்தபோதோ, "வைத்தியர் கெட்டிக்காரர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அது பொய்யன்று, பாதி உண்மை. எதிரே அமர்ந்திருந்த முஸ்லிம் ஆசிரியர், நலம் கேட்போர்க்கெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றே விடை கூறுபவர். அச்சொல் எங்களில் எவரையும் ஒருநாளும் உறுத்தியதில்லை. என் நாவைக் கட்டியது எது? படித்தவன் பக்தியை வெளிக்காட்டுவது பாமரத்தனம் என்று நம் இலக்கிய வட்டங்களில் ஊறிப்போன நாணமே.

இந்நகரின் பழங்கதையொன்று நினைவுக்கு வருகிறது. 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டிருந்த காலம். பிச்சைக்காரராய் வீடு வீடாகச் சென்ற அவர், கழுத்தில் செபமாலையை மட்டும் மறைக்கவில்லையாம். தம்மவரை அறிந்துகொள்ள அதுவே வழி. 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றரென்று சிறையிலிட்டனர். சிறையிலும் அவர் வெளிப்படையாகவே வழிபட்டார். பின்னர் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சமயப் பணியாற்ற இடமளித்தான். 1697இல் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டபோது, சமயம் பாராமல் அவர்களைப் பேணியவர் இவரே. 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

குருவானவரைப் புகழ்வோர் அவ்வரசனை மறந்துவிடுகின்றனர். தளர்ந்துபோன பௌத்த உபசம்பதையை மீட்க அரக்கானிலிருந்து பிக்குமாரை வருவித்து, பேராதனைக்கு அருகே கெட்டம்பையில் அச்சடங்கை நடத்துவித்தவன் அவனே. தன் சமயத்தில் அத்துணை உறுதியாய் நின்றவனுக்கு மற்றொருவரின் செபம் இடையூறாகத் தோன்றவில்லை.

"எனக்குக் கிடைத்தது, நன்றி" என்று சொல்பவன் பிறனுக்கு எதையும் விதிப்பதில்லை. கேட்ட மாணவனுக்கு ஆசிரியன் தன் மனத்தைச் சொல்வது பிரசாரமும் ஆகாது. அதனை அடக்கம் என்று பெயரிட்டு நாம் விழுங்கிவிட, சமயத்தைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒலிபெருக்கி பிடித்தோர் கைக்குப் போய்விட்டது. அவர்கள் பேசுவது நன்றியை அன்று.

2018 மார்ச் மாதம் அதன் விளைவைக் கண்டோம். தெல்தெனியாவிலும் திகனையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. கண்டியில் ஊரடங்குச் சட்டம், நாடெங்கும் அவசரகால நிலை. பாடசாலை மீண்டும் திறந்த அன்று நண்பரை நலம் கேட்டேன். "சுகம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் குறைந்ததில் அறையே வெறிச்சோடியது போலிருந்தது. அவர் வாயை மூடியது அச்சம். என் வாயை மூடியிருந்ததோ வெறும் கௌரவம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் துணியேன்.

பல நாள் கழித்து, மழை பெய்த ஒரு பிற்பகல், அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். முந்திய ஆண்டு சொல்லாது விட்டதை, பதினொரு நாளையும் பிள்ளையார் சந்நிதியையும் சேர்த்து, முழுதாகச் சொன்னேன். அவர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்தபின் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பழைய குரலிலேயே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.