காசிமேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ்: கூலியை எப்போது சொல்வது?

காசிமேட்டில் ஒரு பையனுக்கு விண்டோஸ் போடத் தெரியும் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் போதும். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "தம்பி, இது ஆனே ஆவ மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்." பையன் பின்பக்கத்தைக் கழற்றி, ரேமை வெளியே எடுத்து, அதன் தங்க நிற முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுவான். மிஷின் ஓடிவிடும். (உப்பும் ஈரமும் கலந்த காற்று அடிக்கிற ஊரில் இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படும்.) அக்காவுக்கு ஏக சந்தோஷம். ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி வந்து சேரும். கூலி? அவர் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை.

சைடு பிசினஸ் இப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் இதே காரணத்தால்தான் செத்தும் போகிறது. ஆறு மாதத்தில் விசிட்டிங் கார்டு அடிப்பான். ஒரு வருடத்தில் "படிப்பு இருக்குடா, டைம் இல்ல" என்று விட்டுவிடுவான். போட்டி அதிகம், எல்லாரும் மொபைலுக்குப் போயிட்டாங்க என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. தன் வேலைக்கு என்ன விலை என்று அவன் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் மைக்கேல் டெல் கதையைச் சொல்வார். 1984-ல், கல்லூரியில் படிக்கும்போதே, டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில், 1,000 டாலர் முதலில் ஆரம்பித்தாராம். உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, அவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். இரண்டு, அவர் விற்றது பொருளை. கூடுதல் பாகம் போட்டு மேம்படுத்திய கம்ப்யூட்டரை விற்றார். பொருளுக்கு விலை சொல்ல யாருக்கும் கூச்சம் வராது. தன் ரெண்டு மணி நேரத்துக்கு விலை சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதுவும் சின்ன வயதிலிருந்து பார்த்த அக்காவிடம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பழைய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறது; ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் போய்வர 2 மணி நேரம். இருக்கிற போட்டோ, ஃபைல் எல்லாம் பேக்கப் எடுக்க ஒன்றரை. விண்டோஸ், டிரைவர், தமிழ் கீபோர்டு, பிரிண்டர் என்று எல்லாம் போட்டு முடிக்க இன்னொரு 2. கொண்டுபோய்க் கொடுத்து விளக்கிச் சொல்ல அரை மணி. ஆக 6 மணி நேரம். 500 ரூபாய் கேட்டு, பேரம் பேசி, 300-ல் முடிகிறது என்று வையுங்கள். பஸ், டீ செலவு 60 போனால் மிச்சம் 240. மணிக்கு 40 ரூபாய். அடுத்த வாரம் "தம்பி, பிரிண்ட் வரல" என்று ஒரு போன் வரும். ஒரு மணி நேரம் இலவசமாகப் போய்ப் பார்த்தால் மணிக்கு 34 ரூபாய்தான் தேறும். நாலு பிள்ளைகளை உட்கார வைத்து அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்தால் இதைவிட அதிகம் வரும், தூசியும் தும்மலும் இல்லாமல்.

பி.காம். படிப்பவன் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பதுதான் வேடிக்கை. காஸ்ட் ஷீட்டில் டைரக்ட் மெட்டீரியலுக்குக் கீழேயே டைரக்ட் லேபர் என்ற வரி வருகிறது. பரீட்சையில் அந்த வரியை விட்டால் மார்க் போகும் என்று தெரிகிறது. சொந்த வேலையில் அதை எழுதவே மாட்டேன் என்கிறான்.

"இன்னா தம்பி, ஒரு பென்டிரைவ சொருகி எடுக்கறதுக்கு ஐந்நூறு ரூபாயா?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பயந்து பல பேர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கூலி என்று ஒன்றும் கேட்பதில்லை. பாகத்தின் விலையில் ஐந்நூறு ஏற்றிவிடுவது! முன்பு, ரிச்சி ஸ்ட்ரீட் விலை ரிச்சி ஸ்ட்ரீட் போனவனுக்கு மட்டும் தெரிந்த காலத்தில், இது ஓடியது. இன்று அக்காவின் மகள் அங்கேயே நின்றபடி மொபைலில் அதே மாடலைத் தேடிப் பார்த்துவிடுகிறாள். அவள் கண்ணுக்கு அது கூலியாகத் தெரியாது, திருட்டாகத்தான் தெரியும். ஆறு மணி நேரம் உழைத்தவன் அந்தத் தெருவில் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுகிறான்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. பாகத்தில்தான் லாபம் என்று பழகிவிட்டால், பாகம் மாற்றத் தேவையில்லாத லேப்டாப்பிலும் மாற்றத் தோன்றும். ரப்பர் போட்டுத் தேய்த்தால் சரியாகிற ரேமுக்குப் பதில் புது ரேம் வந்து உட்காரும். நேர்மையாக இருப்பவனுக்கு டீயும் பஜ்ஜியும், பொய் சொல்பவனுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் எத்தனை நாளைக்கு ஒருவன் நேர்மையாக இருப்பான்? கூலியைத் தனியாக வாங்காத தொழிலில் இந்தச் சபலம் எப்போதும் பக்கத்திலேயே நிற்கும்.

கூலியைத் தனியாக எழுதுவது காசிமேட்டுக்குப் புதுசும் அல்ல. ஊரே அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்காரருக்கு ஒரு பகுதி, கடலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பகுதி. விகிதம் படகுக்குப் படகு மாறும். ஆனால் "வலை என்னுது, டீசல் என்னுது, நீ சும்மா இழுத்ததுக்கு எதுக்குப் பங்கு?" என்று எந்தப் படகுக்காரரும் கேட்க முடியாது. பொருள் செலவு ஒரு பக்கம், உழைத்தவன் பங்கு ஒரு பக்கம். கம்ப்யூட்டர் சர்வீஸ் பில்லையும் அதே மாதிரி எழுதினால், மேலே பாகத்தின் விலை கடை ரசீதோடு, கீழே கூலி, அதைப் புரிந்துகொள்ள இந்த ஊர்க்காரரைவிடத் தகுதியான ஆள் யார்? இதுவரை அவர் கேட்டது "பென்டிரைவ்" என்ற சொல்லை மட்டும்தான். வேலையை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

வேலை என்றால் எது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் தானாகவே ஏறிவிடும், அது பெரிய வித்தை இல்லை. பேக்கப்தான் வேலை. கல்யாண போட்டோ, இறந்துபோன அப்பாவின் ஒரே வீடியோ, ஆதார் ஸ்கேன், ரேஷன் கார்டு, தங்கையின் பிராஜெக்ட் எல்லாம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. ஒன்று போனாலும் போனதுதான். எதையும் தொலைக்காமல், திறந்து வேடிக்கையும் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி அந்தப் பொறுப்புக்கு. இலவசமாகச் செய்பவன் பேக்கப்பில் அவசரப்படுவான், அது மனித இயல்பு.

திருட்டு விண்டோஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. "ஒரிஜினல் எல்லாம் வேணாம், சும்மா போட்டுக் குடு" என்பார்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். குறைந்தது 7 நாள் சிறை, 50,000 ரூபாய் அபராதம் என்று அதில் இருக்கிறது. யாரும் காசிமேட்டுக்கு ரெய்டு வரப் போவதில்லை என்று சிரிக்கலாம். ஆனால் கிராக் ஃபைலோடு வைரஸும் சேர்ந்து வந்து அக்காவின் பேங்க் அக்கவுண்ட் காலியானால், தெரு கை நீட்டுவது போட்டுக்கொடுத்தவனைத்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. பழைய மிஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாம், அது இலவசம். லினக்ஸுக்கு விலை இல்லை என்பதால் அதில் வருவது முழுக்க முழுக்கக் கூலிதான். கூலி கேட்கத் தெரியாதவன் இந்த வேலையை எடுக்கவே முடியாது.

"கஷ்டப்படுற ஜனங்ககிட்ட கறாரா காசு கேட்கலாமா?" என்று ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இலவசமாகச் செய்ய வேண்டிய வீடுகள் நிச்சயம் இருக்கும். அங்கேயும் பில்லில் 500 என்று எழுதி, பக்கத்தில் தள்ளுபடி 500 என்று போட்டுக் கொடுக்கலாம். செய்தது உதவி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்காரர் "அவங்களுக்குச் சும்மாதானே செஞ்சே" என்று கேட்டால் பதிலும் இருக்கும்.

கறார் கணக்கு காசிமேட்டில் ஓர் இடத்தில் வளைந்தே ஆக வேண்டும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். (2017-க்கு முன் 45 நாளாக இருந்தது.) அந்த நாட்களில் வருமானம் நின்றுபோகும். அப்போதுதான் படகை ரிப்பேர் பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். அதாவது போகிற பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பள்ளி, கல்லூரி திறப்பதும் சரியாக ஜூன் மாதம்! லேப்டாப்பைச் சரிபார்க்க ஆள் வரிசையில் நிற்கும் நேரமும் கையில் காசில்லாத நேரமும் ஒன்றாக வந்து விழுகிறது. மாதச் சம்பளக்காரர் தெருவுக்கு எழுதிய எந்த பிசினஸ் புத்தகமும் இதைச் சொல்லித் தராது.

பாகம் வாங்கவும் காசு இல்லாமல், கூலியும் கடனாகி, அதற்காகத் தண்டலுக்குப் பணம் வாங்கினான் என்றால் அந்தப் பையன் கதை முடிந்தது. பாகத்துக்கு எப்போதும் முன்பணம். அதில் தாட்சண்யம் கூடாது, ஏனென்றால் அது கடைக்காரர் பணம். கூலியை மட்டும் ஜூனில் கடன் விடலாம். அது அவன் சொந்தப் பங்கு, காத்திருக்க அவனால் முடியும்.

உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்கு 2,000 ரூபாய் கேட்பவரிடம் போக வேண்டாம். சர்வீஸ் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை, பதிவு செய்யாமல் பில்லில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வசூலிப்பதுதான் தப்பு. இவ்வளவுதான் சட்டப்பக்கம். இதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் பெரும்பாலும் தொழில் ஆரம்பிப்பதே இல்லை.

இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகும் யாரும் கட்டணத்தைப் பேரம் பேசி நின்றதில்லை. அங்கே கட்டணம் போர்டில் எழுதியிருக்கிறது, உள்ளே நுழையும்போதே கண்ணில் படுகிறது. பையனுக்கு போர்டு வைக்கக் கடை இல்லை, வீட்டு வாசல்தான். ஒரு ஏ4 தாளில் நாலு வரி எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டினால் போதும்: பார்க்க இவ்வளவு, விண்டோஸ் போட இவ்வளவு, பேக்கப்புக்கு இவ்வளவு, தடைக்காலத்தில் கூலி மட்டும் ஜூலை வரை கடன். அடுத்த தடவை அக்கா லேப்டாப்போடு வரும்போது, ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், அந்தக் கதவைச் சாத்திக் காட்ட வேண்டும். பஜ்ஜி வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.