இலையுதிர்கால மழையும் ஜீன்ஸ் பேண்ட்டும்

அக்டோபர் வந்தா போதும், அமெரிக்காவின் வடகிழக்குல பொட்டி தட்டுற நம்ம மக்கள் இலை கலர் மாறுறதைப் பார்க்க நியூ ஹாம்ப்ஷயர் வெள்ளை மலைக்குக் கூட்டமா கிளம்பிடறோம். ரோட்டோரமா நின்னு போட்டோ பிடிச்சா பிரச்சினை இல்லை. மழை தூறும்போது ஜீன்ஸோட மேல ஏறுறதுதான் எனக்கு ஒத்துக்கல.

பருத்தி நம்மூர் வெயிலுக்கு அருமையான துணி. ஆனா நனைஞ்சா லேசுல காயாது. உடம்புச் சூட்டையும் உறிஞ்சிடும். 10 டிகிரி செல்சியஸ்லயே ஈரமும் காத்தும் சேர்ந்தா உடம்பு விறைக்க ஆரம்பிச்சிடும். அடிவாரத்துல தூறல்னா, 6288 அடி உயர வாஷிங்டன் மலை உச்சியில பனியே கொட்டலாம். உதிர்ந்த இலைக்கு அடியில வேரும் வழுக்குப் பாறையும் ஒளிஞ்சிருக்கும். இறங்கும்போதுதான் காலை வாரும். நவம்பர் தொடக்கத்துல கடிகாரத்தை மாத்தினதும் சாயங்காலம் நாலரை வாக்குல சூரியன் மறைஞ்சிடும்.

அதனால கம்பளி, இல்லைன்னா பாலியெஸ்டர் போடுங்க. மழைக்கோட்டும் நெத்தியில மாட்டுற விளக்கும் கட்டாயம். திரும்புற நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு பண்ணிடுங்க. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, அந்த நேரத்துக்குத் திரும்பிடணும். "இவ்ளோ தூரம் வந்துட்டோமே"ன்னு இழுக்குற நண்பர்தான் கரடியை விட ஆபத்தானவர் :-)

பாதியில திரும்புறவங்களைப் பயந்தாங்கொள்ளின்னு ஓட்டுறதை முதல்ல நிறுத்துவோம். என்ன சொல்றீங்க மக்களே?