பெயர் ஒன்று போதாதா?

விமானத்தில் ஏறப்போகிறவனுக்குப் பெட்டியை நிறுக்கும் இடத்தில் எடை கூடிவிட்டால் கவலையில்லை. இரண்டு பொட்டலம் பலாக்காய் வற்றலை எடுத்து, வழியனுப்ப வந்தவர் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் பெயரில் ஒரு சொல் குறைகிறது என்றால் அதற்கு எங்கே போவது?

பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து பாறசாலைப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைக் காண்பது அரிது. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். விமான நிலையம் இல்லாத கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கும் அதுவே வாசல். இந்த வாசலில்தான் நம்மவர் பெயர் தடுக்கி விழுகிறது.

நம் பெயர் ஒரே சொல். அதன்முன் தந்தையின் தலைப்பெழுத்து ஒன்று; அவ்வளவே. பயணச்சீட்டுப் படிவமோ இரண்டு கட்டங்களை நீட்டுகிறது: ஒன்று இயற்பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. வளைகுடாவுக்குப் புறப்பட்ட என் மாமாவிடம் கவுண்டரில் இருந்தவர், "குடும்பப் பெயர் எங்கே?" என்று கேட்டார். "குடும்பம் வீட்டுல இருக்கு சாரே, பேரு இது ஒண்ணுதான்" என்றார் மாமா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டரை மூடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. பின்னால் கடனும் வேலையும் காத்திருந்தன.

இது ஒரு மாமாவின் கதை மட்டுமன்று. 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லே பெயராக உள்ளவர்களுக்கு வருகை விசாவில் நுழைவு இல்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

எல்லையோரத்தாருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மண்ணில் மட்டும் விழவில்லை. பெயரின் ஆங்கில எழுத்திலும் விழுந்தது. 'தங்கராஜ்' என்பதை அங்கே 'ஜி' போட்டு எழுதுவர்; மலையாள வழக்கில் இங்கே 'கே' போட்டு எழுதுவர். தலைப்பெழுத்து அங்கே முன்னால் நிற்கும். இங்கே பின்னாலும் நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று இருந்தால், ஒரே மனிதன் கணிப்பொறிக்கு இருவராகிவிடுகிறான்.

கவுண்டரில் இருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நுழைவு மறுக்கப்படும் பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அவரும் அஞ்சுகிறார். குறை படிவத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரிகள் உண்டு. வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். பெயர் ஒன்றே எனில், அதை எழுதி, மிச்ச இடங்களை நிரப்புக் குறிகளால் நிரப்பிவிடலாம் என்பதே பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பின் விதி. உலகத் தரம் ஒற்றைப் பெயரை ஏற்கிறது; பயணச்சீட்டு விற்பவரின் படிவம் மறுக்கிறது! இது என்ன நியாயம்?

"தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால் தீர்ந்ததே" என்பர் சிலர். நாளை விமானம் ஏற வேண்டியவர் அப்படியே செய்யட்டும். வயிற்றுப்பாட்டுக்கு முன் வாதம் நிற்காது. ஆனால் நாளைக்கு என் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால், உலகம் மேற்கோள் காட்டுவது என் தந்தையை! மணமான பெண்ணோ தந்தை பெயர், கணவர் பெயர் என்று இரண்டுக்கும் நடுவே அலைய வேண்டும். சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரோடு இந்தோனேசியாவை ஆண்டார்கள். அந்த நாட்டிலேயே 2022இல், புதிதாகப் பதியும் பெயருக்கு இரண்டு சொல்லாவது வேண்டும் என்று விதி வந்துவிட்டது. படிவத்துக்காகப் பெயர் வளைகிறது. நாமும் வளைய வேண்டுமா?

நண்பர்களே, நம் சங்கம் இரண்டு காரியங்கள் செய்யலாம். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் ஒவ்வொருவரின் சான்றிதழ், கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு நான்கையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க, வாரம் ஒரு மாலை ஒரு மேசை போடுவோம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த மேசையைப் பாறசாலையிலும் போடுவோம். இரண்டாவதாக, 'கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள் என விமான நிறுவனங்களுக்கும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் கையொப்பமிட்டு எழுதுவோம்.

முதல் வேலையைத் தொடங்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். வரும் வெள்ளிக்கிழமை மாலை நான் ஒரு நாற்காலியில் இருப்பேன். மற்றொன்றுக்கு யார் வருகிறீர்கள்?