ஆட்டம் சொல்லித்தந்த அறிஞர்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்த கேத்தரின் டன்ஹாம் 1935-இல் ரோசன்வால்ட் ஆய்வு உதவித்தொகை பெற்று கரீபியன் தீவுகளுக்குப் புறப்பட்டார். ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹைத்தி என நீண்டது அந்தப் பயணம். ஜமைக்காவின் மலைக்கிராமமான அக்கம்போங்கில் மரூன் மக்களோடு சில வாரங்கள் தங்கினார். அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி மலையேறி, ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தங்கள் போர் நடனத்தை வெளியாள் கண்ணில் அவ்வளவு எளிதில் காட்டிவிடவில்லை. டன்ஹாம் ஊரைவிட்டுக் கிளம்பும் தறுவாயில்தான் அதைப் பார்க்க முடிந்தது.

இப்படித் தேடிச் சேர்த்ததைத்தான் டன்ஹாம் மேடைக்குக் கொண்டுவந்தார். மார்டினிக்கில் கண்ட சண்டை நடனத்தை மையமாக வைத்து அமைத்த ‘லாக்யா’ 1938-இல் சிகாகோவில் அரங்கேறியது. இடுப்பு, தோள், கழுத்து ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளத்தில் இயக்கும் முறையை பாலேயோடு இணைத்து, ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கினார். 1940-களில் நியூயார்க்கில் அவர் தொடங்கிய பள்ளியில் நடனத்தோடு மானுடவியலும் மொழிகளும் கற்பித்தார்கள்.

ஆனாலும் கறுப்பினத்தவரின் நடனத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது’ என்ற பாராட்டு இன்றும் தவறாமல் வந்துவிடுகிறது. நல்லெண்ணத்தில் சொன்னாலும் இது அநியாயம். ஆண்டுக்கணக்கில் படித்து, அலைந்து, பயின்று பெற்ற ஒன்றைப் பிறவிக்குணம் என்று தள்ளிவிடுகிறது. வரலாற்றையும் மறைக்கிறது. பார்படோசில் 1688-ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம் பறை, முரசுகளைத் தடுத்தது. டிரினிடாட்டில் 1880-களில் ஆங்கிலேய அரசு முரசுக்குக் கட்டுப்பாடு விதித்தது. முரசைப் பறித்த பின்னும் தாளம் பிழைத்திருக்கிறது என்றால், அதை உடம்பில் ஏற்றி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்றே பொருள்.

பேர்ல் பிரைமஸின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1919-இல் டிரினிடாட்டில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1940-இல் உயிரியல் பட்டம் பெற்றார். கறுப்பினப் பெண் என்பதால் ஆய்வகங்கள் அவருக்கு வேலை தரவில்லை, நடனத்துக்கு வந்தார். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை அடித்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையை 1943-இல் ஆட்டமாக்கினார். அதோடு நிற்காமல் தெற்கே போய், குத்தகை விவசாயிகளோடு தங்கிப் பருத்தி எடுத்தார். 1948-இல் அதே ரோசன்வால்ட் உதவித்தொகையுடன் ஆப்பிரிக்கா சென்று, ஊர் ஊராக நடனங்களைக் கற்றார். 1978-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். உயிரியல் படித்தவருக்கே உரிய கவனிப்பு அந்தத் தேடல் முழுவதும் தெரிகிறது.

அந்த பிரைமஸுக்குக் கரீபியன் நடனங்களைக் கற்பித்தவர்களில் ஒருவர் பெரில் மெக்பர்னி. டிரினிடாட் கிராமங்களில் நடனங்களைத் திரட்டிய ஆசிரியை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1948-இல் அவர் நிறுவிய ‘லிட்டில் கரீப்’ அரங்கில்தான், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டெரெக் வால்காட் தம் நாடகக் குழுவை வளர்த்தார். வால்காட்டின் பெயர் உலகறிந்தது. மெக்பர்னியின் பெயர் கரீபியனுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜமைக்கா விடுதலை பெற்ற 1962-இல் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டும் எடி தாமஸும் தேசிய நடன நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நெட்டில்ஃபோர்ட் பின்னர் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். இந்தக் குழுவின் கலைஞர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, ஊதியமின்றி ஆடிப் பழகியவர்கள். அந்த அர்ப்பணிப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் அதையே காரணம் காட்டி அரசுகள் கைகழுவிவிடக் கூடாது. ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதுபோல் நடனப் பள்ளிக்கும் ஒதுக்க வேண்டும்.

கலைஞரின் உழைப்பு மறைக்கப்படும் சிக்கல் இன்று வேறு வடிவில் வந்திருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் பிறந்த டான்ஸ்ஹால் இசையின் நடன அசைவுகள் கைபேசித் திரையில் உலகம் சுற்றுகின்றன. ‘போகிள்’ என்ற அசைவைப் புனைந்த ஜெரால்ட் லெவி அந்தப் பெயராலேயே அறியப்பட்டவர். 2005-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காவது பெயர் நிலைத்தது. மற்றவர்களுக்குச் சட்டமும் பெரிதாக உதவுவதில்லை. முழு நடனப் படைப்புக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தனித்தனி அசைவுகளுக்கு இல்லை. எனவே அசைவை எடுத்து விளம்பரத்தில் காசாக்குபவரை, அதைப் புனைந்தவர் சட்டத்தின் துணையோடு கேள்வி கேட்பது கடினம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த நடனங்களைக் கற்பிக்கும் பள்ளிகளும் அரங்கேற்றும் விழாக்களும், அசைவு எந்த மக்களுடையது, யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்பதை அறிவிப்பில் அச்சிடலாம். அந்தத் தெருக்கலைஞர்களையும் முதிய ஆசிரியர்களையும் பல்கலைக்கழகங்கள் சம்பளம் கொடுத்து வகுப்பெடுக்க அழைக்கலாம். பட்டம் இருக்கிறதா என்று கேட்டு அவர்களை வாசலிலேயே நிறுத்துவதை முதலில் விட வேண்டும்.