தாலந்தை எண்ணுகிறவர் யார்?

கோடை விடுமுறை வந்தால் சபைகளில் வாலிபர் முகாம் போடுகிறார்கள். அங்கே இப்போது ஒரு தாளைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உன் பலம் என்ன, உன் தாலந்து என்ன, நீ தலைமைக்கு ஏற்ற ஆளா, ஊழியத்துக்கு ஏற்ற ஆளா, டிக் போடு. கடைசியில் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 12ஆம் அதிகாரத்தை வாசித்து, சரீரம் ஒன்று, அவயவங்கள் பல, வேறுபாடுகளை மதிப்போம்னு ஜெபம் பண்ணி முடிப்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா தோழர்களே, ஒரு சரீரத்தைக் காட்டி நம்மை ஏமாற்றுவது புதுசா என்ன? ரிக் வேதத்துப் புருஷ சூக்தத்திலேயும் ஒரு சரீரம் இருக்கு. வாய் பிராமணன், தோள் சத்திரியன், தொடை வைசியன், கால் சூத்திரன். நாம் அந்த உடம்பிலேயே இல்லை. அதுவும் வேறுபாடுதான், ஆளுக்கொரு வேலைதான். 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் இந்தப் பேச்சைத்தான் உடைத்தார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருத்தர் தலைமேல் ஒருத்தரை அடுக்கியிருக்கிறது; எவருடைய திறமையையும் விருப்பத்தையும் அது கேட்பதே இல்லை என்றார். அதனால் வேறுபாட்டை மதிப்போம்னு யாராவது மேடையேறினால், எந்த வேறுபாடுன்னு முதல்ல கேக்கணும்.

சபைக்குள்ளேயே இதுக்குச் சாட்சி இருக்கு. 1820களில் தஞ்சாவூரில் சாதிவாரியாக உட்காருவதை மிஷனரிகள் நிறுத்தப் பார்த்தபோது எதிர்த்து எழுதியவர், இன்றைக்கும் நாம் பாடுகிற கீர்த்தனைகளைக் கட்டிய வேதநாயக சாஸ்திரியார். 1833இல் பிஷப் தானியேல் வில்சன் சபையில் சாதி கூடாதுன்னு உத்தரவு போட்டதும் பல குடும்பங்கள் சபையை விட்டே போயின. கிறிஸ்துவை விட முடிந்தது, தனி வரிசையை விட முடியவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயும் சுவர் எழுப்பினார்களே, அதுக்கு என்ன தாலந்து வேணும்?

பவுல் சொன்னது வேற. முகாம்களில் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் 11ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 11இல் ஒரு சோற்றுத் தகராறு இருக்கு. கர்த்தருடைய பந்தின்னு கூடுகிறார்கள். இருக்கிறவன் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறிக்கிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களான்னு பவுல் கோபப்படுகிறார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதியதுதான் அவயவங்களைப் பற்றிய பேச்சு. பலவீனமாகத் தெரிகிற உறுப்புதான் அவசியம், கனவீனமாக எண்ணுகிற உறுப்புக்குத்தான் அதிகக் கனம் என்கிறார். புருஷ சூக்தத்தில் கால் காலாகவே கிடக்க வேண்டியதுதான். இங்கே ஒரு உறுப்புக்கு வலித்தால் எல்லாவற்றுக்கும் வலிக்க வேண்டும். பந்தியைச் சரிசெய்யாமல் வரங்களைப் பற்றிப் பேச இவருக்கு வாய் வரவில்லை.

சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகிற திண்டுக்கல் சாலையில் பரவை, விளாங்குடி தாண்டி ஊருக்குள் போனால் அரசரடி. அங்கே தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்னவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டைன்னு சொன்னால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார். சபைகளில் மேல்நாட்டு ஞானப்பாட்டும் கர்நாடகக் கீர்த்தனையும் கோலோச்சிய காலத்தில், நாட்டுப்புற மெட்டில், கூலிக்காரர் பேச்சில், பறையோடு ஆராதனையை அமைத்தார். பாட்டோடு அவர் நிற்கவில்லை. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து தின்பதுதான் நற்கருணைன்னு இறையியலே பண்ணினார். அதாவது 11ஐயும் 12ஐயும் சேர்த்து வாசித்தார். நம்ம பலம் எதுன்னு அடுத்தவன் கொடுத்த தாளில் அவர் தேடவில்லை. எதைக் கேவலம்னு சொன்னானோ அதற்குள்ளேயே தேடினார்.

இதில் நமக்குள்ளேயே ஒரு சண்டை உண்டு, அதை மூடி மறைக்க வேண்டாம். பறை அடிமைத் தொழில், சாவு வீட்டில் அடிக்கச் சொல்லி நம்மை உதைத்த கருவி, அதைத் தீயில் போடுன்னு சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அது விடுதலைக் கருவின்னு தூக்கிப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு பேருமே நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். என் கணக்கு இது: வேண்டாம்னு சொல்ல முடிந்தால்தான் அது என் திறமை. சொன்னால் அடி விழும் என்றால் அது சாதி. 'உங்க ஆளுங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கு'ன்னு நம்மைப் பாராட்டுகிற போதகரும் வெட்டியான் வேலைக்கு ஆள் கேட்கிற ஊர்த் தலைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் பேசுகிறார்கள். வேதத்துத் தாலந்து திறமை கூட இல்லை, எடை. ஒரு தாலந்து வெள்ளின்னா ஒரு கூலியாளுக்கு ஏறக்குறைய 6000 நாள் கூலி. அதை ரத்தத்தில் தேடக் கூடாது; கூலியைப் பிடித்து வைத்திருக்கிறவன் வீட்டில் தேடணும்.

அதே சாலையில் வடக்கே போனால் திண்டுக்கல். அங்கே சந்திரா என்ற கன்னிகாஸ்திரி தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். ஆண்களுக்கு மட்டும்னு வைத்திருந்த கருவி அது. பிழைப்புக்குத் தொழிலும் படித்துக்கொள்கிறார்கள். அதில் ஒருத்தி நாளைக்கே பறையை இறக்கி வைத்துவிட்டுக் கணக்குப் படிக்கப் போகிறேன் என்றால், கை தட்டி அனுப்பணும். அப்படி அனுப்புகிற சபை நம்ம பக்கத்தில் எத்தனை இருக்குன்னு விசாரிங்க.